தானே வீழ்ந்தவனுக்கும் அயலான் உண்டு

நல்ல சமாரியன் உவமையை நாம் சிறு வயது முதற்கொண்டே கேட்டு வந்திருக்கிறோம். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் சென்ற வழிப்போக்கன் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தான். அவன்மீது யாதொரு குற்றமும் இல்லை. ஆகையால் அவனுக்காக இரங்குவது நமக்கு எளிதாகவே இருக்கிறது. ஆனால் அதே பாதையோரத்தில் ஒருவன் கள்வரால் அன்றி, தன் சொந்தக் காசில் வாங்கிய மதுவால் வீழ்ந்து கிடந்தால் நாம் என்ன செய்வோம்? பெரும்பாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபுறமாய் விலகிச் செல்வோம். விலகிச் செல்வதோடு நில்லாமல், "தானே தேடிக்கொண்ட வினை" என்று ஒரு தீர்ப்பையும் வழங்கிவிட்டுச் செல்வோம்.

தானே வீழ்ந்தவனுக்கும் அயலான் உண்டா? இக்கேள்விக்கு ஏட்டில் அன்றித் தெருவிலேயே விடை எழுதி வருகின்ற ஒரு கூட்டத்தாரையும், அவர்களை வழிநடத்துவோரையும் இத்திங்கள் நம் வாசகக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். பிரிட்டனில் அவர்களை 'ஸ்ட்ரீட் பாஸ்டர்ஸ்', அதாவது தெரு மேய்ப்பர்கள் என்று அழைக்கின்றனர்.

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் பிரிக்ஸ்டன் என்னும் இடம் உள்ளது. 1948-ஆம் ஆண்டு 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரில் பலர் இப்பகுதியை அண்டியே வேலையும் உறைவிடமும் தேடினர். அவர்கள் சந்தித்த வறுமையும் இன வேற்றுமையும் சிறிதன்று. 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டனில் மூண்ட கலவரம் உலகச் செய்தியாயிற்று. பின்னர்க் கும்பல்களும் போதைப்பொருளும் கைத்துப்பாக்கிகளும் நகர்ப்புற இளைஞர் சிலரின் வாழ்வில் புகுந்தன. 2003 ஜனவரி 2-ஆம் நாள் அதிகாலையில், பர்மிங்காம் நகரில் புத்தாண்டு விருந்து நடந்த இடத்தின் வெளியே நின்றுகொண்டிருந்த இரு இளம் பெண்கள், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கும்பல் பகையில் சுடப்பட்டு மாண்டனர். நாடே அதிர்ந்தது.

அந்த ஜனவரித் திங்களிலேயே பிரிக்ஸ்டனில் தெரு மேய்ப்பர் பணி தொடங்கப்பெற்றது. இதனைத் தொடங்கியவர் போதகர் லெஸ் ஐசக். கரீபியன் தீவுகளில் ஒன்றான ஆண்டிகுவாவில் பிறந்து, சிறுவனாய் இலண்டனுக்கு வந்து சேர்ந்தவர். இளமையில் சீற்றமும் கும்பல் வாழ்வும் அவருக்கு அந்நியமானவை அல்ல. ரஸ்தஃபாரி நெறியைச் சில காலம் பின்பற்றி, அதன்பின் கிறிஸ்துவைக் கண்டடைந்தவர். ஆகவே தெருவில் நிற்கும் இளைஞனை அவர் ஒரு 'பிரச்சினை'யாகப் பார்க்கவில்லை. ஒரு காலத்துத் தம்மையே அவனிடம் கண்டார். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வன்முறை மிகுந்த பகுதிகளில் சபைத் தலைவர்கள் ஆற்றிய பணி அவருக்குத் தூண்டுதலாயிற்று. வெள்ளி இரவும் சனி இரவும் இளைஞர் தெருவில் நிற்கையில், திருச்சபை பூட்டிய கோவிலுக்குள் இருப்பது தகுமா என்பதே அவரை வருத்திய கேள்வி. அவர் வழிநடத்திய 'அசென்ஷன் டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளையே இப்பணியின் தாயகமாயிற்று.

முதன்முதலில் ரோந்து சென்றவர்கள் ஏறத்தாழ இருபதுபேர் கொண்ட சிறு கூட்டத்தினரே. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்பது நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. துப்பாக்கிக்கு அஞ்சி ஊரே கதவடைத்த நேரத்தில், தாய்மாரும் அத்தைமாரும் பாட்டிமாரும் போன்ற பெண்கள் துணிந்து தெருவில் இறங்கினர். கையில் ஆயுதம் இல்லை. யாரையும் கைது செய்யும் அதிகாரமும் இல்லை. முதுகில் தெரு மேய்ப்பர் என்று எழுதிய மேலங்கியும், தலையில் தொப்பியுமே அவர்களுக்கு அடையாளம்.

பணி பிற நகரங்களுக்கு விரிந்தபோது வேறொரு துன்பமும் கண்முன் வந்தது. 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள மதுவிடுதிகள் பழைய இரவு 11 மணி வரம்பைக் கடந்தும் உரிமம் பெற்றுத் திறந்திருக்க வழி ஏற்பட்டது. நள்ளிரவுக்குப் பின் நடனவிடுதிகளிலிருந்து வெளிவரும் இளைஞர் கூட்டம் நகர்தோறும் காவலருக்கும் மருத்துவமனைகளுக்கும் பெரும் சுமையாயிற்று. எனவே துப்பாக்கிக் கும்பல்களை நாடிப் புறப்பட்ட பணி, இரவு கேளிக்கையில் நிலைகுலைந்தோரைக் காக்கும் பணியாகவும் வளர்ந்தது. பிரிட்டனின் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களிலும் ஊர்களிலும் அது வேரூன்றியது.

இவர்கள் செய்வதுதான் என்ன? இரவு 10 மணி அளவில் கூடுகிறார்கள், சேர்ந்து செபிக்கிறார்கள், சிறு குழுக்களாகப் பிரிந்து அதிகாலை 3, 4 மணிவரை நடக்கிறார்கள். அவர்கள் பையில் இருக்கும் பொருள்களைக் கண்டால் நாம் வியப்போம். தண்ணீர்ப் புட்டிகள், ரப்பர் செருப்புகள், குச்சி மிட்டாய்கள், வெள்ளித்தாள் போன்ற மெல்லிய போர்வைகள், உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ள ஒரு தூரிகையும் தட்டும். இவ்வளவுதான்! ஆனால் ஒவ்வொன்றின் பின்னும் அனுபவம் கற்பித்த அறிவு இருக்கிறது.

குதிகால் உயர்ந்த காலணியுடன் இரவெல்லாம் ஆடிய பெண், கால் வலி பொறுக்காமல் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் நடக்கிறாள். தெருவெங்கும் உடைந்த மதுப்புட்டிகள். அவள் பாதம் கிழியாமல் இருக்கவே அந்த ரப்பர் செருப்பு. தெருவோரம் கிடக்கும் காலிப் புட்டியை அவர்கள் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் இடுவது தூய்மைக்காக மட்டும் அன்று. சற்று நேரத்தில் இருவர் சண்டையிட நேர்ந்தால் அப்புட்டியே ஆயுதமாகிவிடும். சினந்து கத்துகின்றவனிடம் குச்சி மிட்டாயை நீட்டினால், அவன் ஒரு கணம் திகைத்துச் சிரித்துவிடுகிறான். வாயில் மிட்டாய் இருக்கையில் வசைமொழி எளிதில் வருவதில்லை!

மது உடலைச் சூடாக்குகிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அது தோலின் இரத்தக்குழாய்களை விரியச் செய்து உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. குடித்தவன் குளிரை உணரமாட்டான். ஆனால் குளிர் அவனைக் கொல்லக்கூடும். அதற்காகவே அந்தப் போர்வை. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவன் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறிக்கலாம். ஆகவே அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நம் வாசகர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

இனி, இவர்களை வழிநடத்துவோரைப் பற்றிச் சில சொற்கள். 'மேய்ப்பர்' என்ற பெயரைக் கண்டு இவர்கள் எல்லாரும் குருக்களோ போதகர்களோ என்று எண்ண வேண்டா. பெரும்பாலோர் பொதுநிலையினரே. பதினெட்டு வயது நிரம்பியவராய், ஏதேனும் ஒரு சபையில் நிலையாய் வழிபடுகின்றவராய் இருத்தல் வேண்டும். முதுமை ஒரு தடையன்று. பேரன் பேத்தி கண்டவர்களும் இப்பணியில் இருக்கிறார்கள். சொல்லப்போனால், இரவில் இளைஞர் கும்பலின் சினத்தைத் தணிப்பதில் நரைத்த தலைக்குத் தனி வலிமை உண்டு. தெருவில் நடக்கும் தன்னார்வலர்கள் ஊதியம் பெறுவதில்லை. முன்வரலாறு சரிபார்க்கப்பட்டு, செவிமடுக்கும் முறை, மது, போதைப்பொருள்களின் தன்மை, முதலுதவி, சட்டம் ஆகியவற்றில் பயிற்சி பெற்ற பின்னரே தெருவுக்கு அனுப்பப்படுகின்றனர்.

ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பேற்கிறார். பல சபைகளைச் சேர்ந்தோர் அடங்கிய குழு ஒன்று அவருக்குத் துணை நிற்கிறது. திருச்சபை, காவல்துறை, நகராட்சி ஆகிய மூன்றும் கைகோக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே லெஸ் ஐசக் வற்புறுத்திய நெறி. ஆனால் அந்த ஒருங்கிணைப்பாளர் மேசைக்குப் பின்னால் மட்டும் அமர்ந்திருப்பவர் அல்லர். தாமும் மேலங்கி அணிந்து நடப்பவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது எளிது. குளிரில் நடுங்கும் குழுவின் முன்னே அதிகாலை 3 மணிக்கு நடப்பதே தலைமை. தெருவுக்கு வர இயலாத முதியோர் சிலர், அதே வேளையில் கண்விழித்து அக்குழுவுக்காகச் செபித்துக்கொண்டிருக்கின்றனர். தெருவிலிருந்து தொலைபேசியில் செய்தி வருகிறது: "இங்கே சண்டை மூளும்போல் இருக்கிறது, செபியுங்கள்." நடப்பவரும் செபிப்பவரும் ஒரே பணியின் இரு கைகள்.

இன்னொரு நெறியும் உண்டு. அவர்கள் தெருவில் பிரசங்கம் செய்வதில்லை. அக்கறை காட்டு, செவிகொடு, உதவு என்பதே அவர்கள் பெற்ற பயிற்சி. யாரேனும் தாமாகக் கேட்டால் மட்டுமே தங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்க வைப்பதே சிறந்த பிரசங்கம் அல்லவா?

இப்பணியைக் குறைகூறுவோர் இல்லாமலில்லை. "குடிகாரனுக்குத் தண்ணீரும் செருப்பும் கொடுத்தால் அவன் அடுத்த வாரமும் குடிக்கத்தானே செய்வான்? இது பாவத்துக்குத் துணைபோவது ஆகாதா?" என்று அவர்கள் வினவுகின்றனர். இதை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. மதுவால் சீரழிந்த குடும்பங்களை அறிந்த எவரும் அவ்வாறு கேட்கவே செய்வர். ஆயினும் ஒன்றைச் சிந்திப்போம். பாதம் கிழிவதால் எவரும் மனந்திரும்பியதில்லை. உயிரோடு வீடு திரும்பியவனுக்கே மனந்திரும்ப ஒரு நாளைய தினம் இருக்கிறது. குடியைக் கண்டிப்பது வேறு, குடித்தவனைக் கைவிடுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர், நல்லொழுக்கத்தின் பெயரால் இரக்கத்தைப் புதைத்துவிடுகின்றனர்.

மற்றொரு குறை, "இவர்களால் விளைந்த பயன் எங்கே?" என்பது. தடுப்புப் பணிக்கு இதுவே நிரந்தரச் சோதனை. வீசப்படாத புட்டியை யார் எண்ணுவார்? நடவாத கொலை எந்தச் செய்தித்தாளில் வரும்? இத்தகைய பணியை வழிநடத்துவோர் புகழுக்காக உழைத்தால் விரைவில் சோர்ந்துபோவர். 2012-ஆம் ஆண்டு லெஸ் ஐசக்குக்குப் பிரிட்டன் அரசின் விருது கிடைத்தது உண்மையே. ஆனால் மழையில் நடந்த பல்லாயிரம் பேருக்கு அன்றிரவு ஒரு முன்பின் அறியாதவன் முனகிய நன்றியே விருது.

இது கத்தோலிக்கர் தொடங்கிய பணி அன்று. ஆயினும் நமக்கு அந்நியமான பணியும் அன்று. பிரிந்து நிற்கும் கிறிஸ்தவர் சமுதாயப் பணிகளில் ஒத்துழைக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றி வெளியிட்ட ஏட்டிலேயே வலியுறுத்தியது. மேலும், உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியே 1833-இல் பாரிஸில், இருபதே வயதான மாணவர் பிரெடரிக் ஓசானாமையும் அவர் நண்பரையும் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பியது. அவ்வாறு பிறந்ததே நம் பங்குகளில் இன்றும் உழைக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. கேள்வி ஒன்றே, நூற்றாண்டும் தெருவும்தான் வேறு.

பெற்றோரே, இறுதியாக உங்களிடம் ஒரு சொல். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பயிலும் நம் பிள்ளைகளை நாம் நன்முறையில் வளர்த்திருக்கிறோம் என்று நம்புகிறோம். அந்நம்பிக்கை வீணாகாதிருக்க வேண்டுகிறோம். ஆயினும் ஓர் இரவு உங்கள் மகனோ மகளோ தோழர்களுடன் சென்று, செய்யக்கூடாததைச் செய்து, வழி தெரியாமல் தெருவில் நிற்கக்கூடும். அப்போது அப்பிள்ளை முதலில் யாரை அழைக்கும்? "அப்பா கொன்றுவிடுவார்" என்று அஞ்சி உங்களை அழைக்காமல் விட்டால், அவ்விரவில் ஆபத்து மதுவில் மட்டும் இருக்காது. உங்கள் சினத்திலும் இருக்கும்.

கண்டிப்பை விடச் சொல்லவில்லை. ஆனால் இன்றே பிள்ளைகளை அருகழைத்துச் சொல்லிவையுங்கள்: "எந்த நிலையில் இருந்தாலும், எந்த நேரமானாலும், முதலில் எங்களைக் கூப்பிடு. முதலில் உன்னை வீடு சேர்ப்போம். மற்றவற்றை விடிந்தபின் பேசுவோம்." தெருவில் அந்நியர் காட்டும் இரக்கத்தை வீட்டில் நாம் மறுக்கலாகாது.