பயணம் போகும் இசையும் லயத்தில் நிற்கும் தப்பும்

கெல்டிக் இசைக்குழு ஒன்று மேடையேறினால் சில நிமிடங்களிலேயே கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கிவிடும். பிடில், புல்லாங்குழல், துருத்திக் குழல், ஆட்டுத்தோல் போர்த்திய பொத்ரான் என்று வேகம் கூடிக்கொண்டே போகும். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து கிராமங்களின் இந்த ஆட்ட இசை இன்று உலகம் முழுவதும் நுழைவுச்சீட்டு விற்றுப் பயணம் செய்கிறது. கண்டியில் இருந்துகொண்டு அதைக் கேட்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. ஸ்கொட்லாந்துக்காரர்கள் வந்து தோட்டம் போட்ட இந்த மலைகளில், தோல் கருவி அடித்து வாழ்ந்த மக்களின் இசை மட்டும் ஏன் லயத்தைத் தாண்டவில்லை?

ஸ்கொட்லாந்துக்கும் கண்டிக்கும் உள்ள தொடர்பு பழையது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவர். 1892இல் இறந்த அவருடைய கல்லறை கண்டி மஹியாவையில் பராமரிக்கப்படுகிறது. அதே மஹியாவையில்தான் நகரத்தைத் துப்புரவு செய்யும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்கின்றன. மலையகத்தில் பல தோட்டங்களுக்கு இன்றும் ஸ்கொட்லாந்துப் பெயர்தான். அப்கொட்டில் ஸ்ட்ரத்ஸ்பே என்றொரு தோட்டம் இருக்கிறது. ஸ்ட்ரத்ஸ்பே என்பது ஸ்கொட்லாந்தின் ஒரு பள்ளத்தாக்கின் பெயர். அங்கு ஆடப்படும் ஒருவகை நடன இசைக்கும் அதே பெயர். துரைமாரின் ஊரும் பாட்டும் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் நிலைத்துவிட்டன. கொழுந்து பறித்தவர்களின் பாட்டுக்கு ஒரு பலகையும் இல்லை.

அந்த மக்களிடம் இசைக்குப் பஞ்சமில்லை. விடியலில் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது தப்பு. திருவிழாவிலும் காமன் கூத்திலும் இழவு வீட்டிலும் ஒலித்தது அதே தப்புத்தான். நெருப்பில் காய்ச்சி இறுக்கிய தோலில் இரண்டு குச்சிகள் விழும்போது எழும் வேகம் எந்த கெல்டிக் மேடைக்கும் குறைந்ததல்ல.

அயர்லாந்தின் இசையும் ஏழைகளின் இசைதான். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். புலம்பெயர்ந்து போய் சிக்காகோவின் பொலிஸ் தலைமை அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் ஓநீல், அங்கிருந்த அயர்லாந்துக்காரர்களிடம் கேட்டுத் தொகுத்த 1,850 மெட்டுகளை 1903இல் நூலாக்கினார். சுதந்திரம் பெற்ற அயர்லாந்து அரசோ 1935இல் கொண்டுவந்த நடன மண்டபச் சட்டத்தால் வீடுகளில் நடந்த ஆட்டங்களை முடக்கியது. 1951இல் இசைக்கலைஞர்களே கூடி கோல்டஸ் என்ற அமைப்பைத் தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்கள். அயர்லாந்தின் துருத்திக் குழல் இசை 2017இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. இன்று மேடையில் நாம் காணும் உற்சாகத்துக்குப் பின்னால் தொகுத்தவர்களும் கற்பித்தவர்களும் இருக்கிறார்கள்.

கண்டியிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. கண்டிய நடனமும் கெட்ட பெரவும் சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்ட பெரவா சமூகத்தின் கலைகள். சுதந்திரத்துக்குப் பின் அரசு அவற்றைப் பாடசாலைப் பாடமாக்கியது. தேசியக் கலையாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 2024இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். கண்டிக்கு வருவோருக்காக வாவிக்கரையில் மாலைதோறும் நடக்கும் கலாசாரக் காட்சிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலையில் தேயிலைத் தொழிற்சாலை பார்த்துவிட்டு வரும் பயணிக்கு, அந்தத் தேயிலையைப் பறித்தவர்களுக்கும் ஓர் இசை உண்டு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை.

இதற்கு அரசு முதற் காரணம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கு பிரித்தது. குடிமக்களாகவே ஏற்காதவர்களின் கலையை எந்த அரசும் தன் கலை என்று சொல்லாது. இரண்டாவது காரணம் நமக்குள் இருக்கிறது. தப்பையும் பறையையும் சாவோடும் சாதியோடும் கட்டிவைத்தவர்கள் தமிழர்கள்தான். வடக்கிலும் இதே கதைதான். அடிப்பவரின் பிள்ளை வெட்கப்பட்டு விலகியது குச்சியைப் பார்த்தல்ல, நம் பார்வையைப் பார்த்து.

போரால் பாதிக்கப்பட்ட வாசகர்களுக்கு இது தொலைதூரக் கதையல்ல. 1977, 1983 வன்செயல்களில் துரத்தப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. வன்னியில் அவர்கள் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். 2009இல் பலர் உறவுகளைப் பறிகொடுத்தார்கள். இறந்தவர்களின் கணக்கையே இன்னும் சரியாக எடுக்காத நாட்டில், அவர்களோடு போன பாட்டுகளுக்குக் கணக்கு ஏது? ஆனால் ஒரு சமூகத்தின் நினைவு பாட்டிலும்தான் இருக்கிறது. காணியும் சம்பளமும் கேட்பது போலவே அதையும் உரிமையாகக் கேட்க வேண்டும்.

நம்மிடமும் தொகுத்தவர்கள் இருந்தார்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி வைத்தார். 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், அந்த வரலாறு சாகவில்லை என்று காட்டினார்கள். 2011இல் யாழ்ப்பாண இசை விழா போன்ற மேடைகளும் அமைந்தன. மேடை நல்லதுதான். ஆனால் சில நாட்களில் அதைக் கழற்றிவிடுவார்கள். வேண்டியது பாடசாலையில் தப்புக்கு ஓர் ஆசிரியர், வயதானவர்களின் குரலைப் பதிவுசெய்ய ஓர் ஆவணகம், கூலி கொடுத்துக் கலைஞரை அழைக்கும் பழக்கம்.

இவற்றில் முதலாவதற்கு அரசிடம் போராட வேண்டும். மற்ற இரண்டையும் புலம்பெயர்ந்த தமிழரும் வடக்கு, மலையக அமைப்புகளும் நாளைக்கே தொடங்கலாம். லயங்களில் இன்னும் சில முதியவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதிக காலம் இல்லை.