சமுதாயக் களப்பயிற்சிக்கு உரிய கிரெடிட் வழங்கக் கோரும் மனு

பீடாதிபதி ஊடாக,
துணைவேந்தர் மற்றும் மூதவை உறுப்பினர்கள் அவர்கட்கு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

சுகாதார மேம்பாட்டு விஞ்ஞானமாணி (சிறப்பு) பட்டப்படிப்பு மாணவர் சங்கம், தனது பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி இம்மனுவைச் சமர்ப்பிக்கிறது.

இதிலுள்ள முதலாவது கோரிக்கை தங்கள் அலுவலகத்துக்குப் புதியதன்று. சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் துறைத்தலைவர் ஊடாக இதையே கேட்டிருந்தோம். உரிய கவனம் செலுத்தப்படும் என்று ஒருவரிப் பதில் வந்தது. பின்னர் அனுப்பிய நினைவூட்டலுக்கு, முதற்கடிதத்தின் பிரதியை இணைத்து அனுப்புமாறு பணித்தார்கள். இணைத்து அனுப்பினோம். அதன்பின் எதுவும் வரவில்லை. ஆகவே எழுதியதையே இம்முறை விரிவாக எழுதுகிறோம். நீளம் அதிகமெனக் கருதுவோருக்கு, சுருக்கமாக எழுதிய கடிதங்களும் அதே கோப்பில் இருக்கின்றன.

1. களப்பயிற்சியின் கிரெடிட்

மூன்றாம் ஆண்டுச் சமுதாயக் களப்பயிற்சி 300 மணித்தியாலம். அதற்கு வழங்கப்படுவது 3 கிரெடிட். அதாவது, நூறு மணித்தியாலத்துக்கு ஒன்று.

இலங்கைத் தகைமைகள் சட்டகம் இவ்விடயத்தில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. விரிவுரை, ஆய்வுகூடக் கற்கை, களக் கற்கை, சிகிச்சைப் பயிற்சி ஆகியவற்றுக்கு 50 கற்றல் மணித்தியாலம் ஒரு கிரெடிட். கைத்தொழிற் பயிற்சிக்கோ குறைந்தது 100 மணித்தியாலம். எமது பாடநெறி எந்த அறிவித்தலுமின்றி இந்த இரண்டாவது வகைக்குள் போடப்பட்டிருக்கிறது. சட்டகத்தின்படி எமக்கு வரவேண்டியது 6 கிரெடிட். கிடைப்பது அதில் பாதி.

கைத்தொழிற் பயிற்சிக்குப் போகும் மாணவருக்கு ஒரு நிறுவனம் இருக்கும். மேசை இருக்கும், கையெழுத்திடும் முகாமையாளர் இருப்பார், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலை ஒன்று இருக்கும். எமக்குக் கிடைப்பது ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும், சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதமும். மீதியை நாங்களே ஆரம்பிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்திக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரின் பின்னால் வீடுவீடாக நடக்க வேண்டும். வெற்றிலைத் தட்டத்தை நகர்த்தி இடம்தரும் ஆச்சி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லமாட்டார். அவர் பேசும்வரை காத்திருக்க வேண்டும். இது படிப்பில்லையென்றால் எது படிப்பு என்று அறிய விரும்புகிறோம்.

1986இல் ஒட்டாவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சாசனம், மக்கள் தமது சுகாதாரத்தின் மீதான கட்டுப்பாட்டைத் தாமே கூட்டிக்கொள்ள வழிசெய்வதைத்தான் சுகாதார மேம்பாடு என்கிறது. சமுதாயச் செயற்பாட்டை வலுப்படுத்துவது அதன் ஐந்து செயற்பாட்டுத் துறைகளில் ஒன்று. முதலாம் ஆண்டு வினாத்தாளில் இந்த ஐந்தையும் எழுதச் சொல்லி எமக்குப் புள்ளி தந்த அதே பல்கலைக்கழகம், மூன்றாம் ஆண்டில் நாம் அதைச் செய்யப் போகும்போது தொழிற்சாலைப் பயிற்சியாகக் கணக்கிடுகிறது.

உதாரணத்துக்கு, ஒரு தாய்மார் குழு. முன்பள்ளிச் சுவரில் ஒரு மாதத் தாள். தகப்பன் பிள்ளையோடு விளையாடிய நாளில் பச்சைப் பொட்டு, குடித்துவிட்டு வந்த நாளில் சிவப்பு. பொட்டு வைப்பது பிள்ளை. இதை மாணவர்கள் போய் அறிமுகப்படுத்தியதாக அறிக்கையில் எழுதினால் மேற்பார்வையாளர் வெட்டிவிடுவார், சரியாகவே வெட்டுவார். அந்த யோசனை குழுவிலிருந்து வரவேண்டும், நிறத்தையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். சிவப்பு வேண்டாம், அயலவர் பார்ப்பார்கள் என்று ஒரு தாய் சொன்னால் அதைப் பேசித் தீர்க்க இரண்டு கூட்டம் போகும். மாத முடிவில் பொட்டுகளை எண்ணி, ஏன் கூடியது ஏன் குறைந்தது என்று குழுவே பேசும். நாங்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதி, மறுநாள் ஆங்கிலத்தில் அறிக்கையாக்குவோம்.

குறிப்பேடு எழுதும் நேரம் கணக்கில் வராது என்று வாய்மொழியாக ஒரு பதில் தரப்பட்டது. இதையும் சட்டகமே தீர்த்து வைத்திருக்கிறது. கற்றல் மணித்தியாலம் என்பதில் நேரடிக் கற்பித்தல் மட்டுமன்றி சுயகற்றல், ஒப்படை தயாரித்தல், மதிப்பீடு யாவும் அடங்கும். உண்மையில் இவற்றையும் சேர்த்தால் 300ஐத் தாண்டும். அந்த மேலதிகத்தை நாம் கேட்கவில்லை.

இழப்பு சான்றிதழில் ஒரு இலக்கத்தோடு முடிவதில்லை. நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு, அதாவது சட்டகத்தின் 6ஆம் மட்டத்துக்கு, 120 கிரெடிட் வேண்டும். வருடத்துக்கு 30, மணித்தியாலத்தில் 1500. களப்பயிற்சியில் பறிபோகும் மூன்றை நிரப்ப, அதே அரையாண்டில் இன்னொரு விருப்பப் பாடம் எடுக்கிறோம். களத்திலிருந்து கடைசி பஸ்ஸில் விடுதி திரும்பி, காலையில் அதற்கான பரீட்சைக்கு உட்காருகிறோம். விரிவுரையாளரின் கற்பித்தற் சுமையும் இதே கிரெடிட்டால் அளக்கப்படுவதால், அவரும் கிராமத்துக்கு அடிக்கடி வர இயலாதிருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. சராசரிப் புள்ளியிலும், அதிகம் உழைத்த பாடத்தின் பாரம் மிகக் குறைவாக நிற்கிறது.

எனவே இப்பாடநெறியைக் களக் கற்கையாக வகைப்படுத்தி 6 கிரெடிட் வழங்குக. இயலாதெனில் 3 கிரெடிட்டுக்குரிய 150 மணித்தியாலமாகக் குறைக்குக. இரண்டாவதை நாம் விரும்பவில்லை, 150 மணித்தியாலத்தில் எந்தக் கிராமமும் வாய் திறக்காது. ஆயினும் விதி அதையாவது கோருகிறது. தற்போது இறுதியாண்டிலிருப்போருக்கும் இத்திருத்தம் பொருந்த வேண்டும்.

2. களப்பயிற்சிக் காலத்தில் போக்குவரத்துக் கொடுப்பனவு, பயிற்சி முடிந்த பின்னர் என்றில்லாமல் மாதந்தோறும் வழங்கப்படுதல் வேண்டும்.

3. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கான அறிமுகக் கடிதங்கள், பயிற்சி தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர் கையளிக்கப்படுதல் வேண்டும்.

4. சம்மதப் படிவங்கள் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வழங்கப்படுதல் வேண்டும். தற்போது மாணவர்களே மொழிபெயர்த்து, தம் செலவில் பிரதி எடுக்கிறார்கள்.

5. நூலகத்தில் துறைசார் நூல்களின் இரவல் பிரதிகள் அதிகரிக்கப்படுதல் வேண்டும்.

6. துறைக் கட்டடத்தின் மேல்மாடிக் குடிநீர்க் குழாய் திருத்தப்படுதல் வேண்டும்.

2 முதல் 6 வரையானவற்றைத் தங்கள் வசதிப்படி நிறைவேற்றலாம். முதலாவதை எதிர்வரும் மூதவைக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, முடிவை எழுத்தில் அறியத்தருமாறு வேண்டுகிறோம். முடிவு மறுப்பாயின், எமது பாடநெறி எந்தக் கூட்டத்தில், எந்தக் காரணத்தின் பேரில் கைத்தொழிற் பயிற்சியாக வகைப்படுத்தப்பட்டது என்பதற்கான குறிப்பின் பிரதியைத் தரவும். தராதவிடத்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம். அச்சட்டத்தின்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

முன்னைய கடிதங்களின் பிரதிகள், மறுபடி கேட்கப்படாதிருக்க, இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்,
சுகாதார மேம்பாட்டுப் பட்டப்படிப்பு மாணவர் சங்கம்.

பிரதிகள்: பதிவாளர், துறைத்தலைவர், சிரேஷ்ட மாணவ ஆலோசகர், சங்கக் கோப்பு.