குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம்!

குழந்தை கொழுகொழுவென்று பிறக்கிறது. நன்றாகப் பால் குடிக்கிறது. பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால், குடிக்கிற பாலே அதன் மூளையைக் கெடுக்கிறது!

இப்படியும் ஒரு நோயா? உண்டு. பெயர் 'பீனைல்கீட்டோனூரியா'. டாக்டர்கள் சுருக்கமாக 'பி.கே.யு.' என்பார்கள்.

பால், முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் உள்ள புரதத்தில் 'பீனைல் அலனின்' என்ற பொருள் இருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு என்சைம் அதை மாற்றிவிடும். அந்த என்சைம் வேலை செய்யாவிட்டால் அது ரத்தத்தில் தேங்கி மூளையைப் பதம் பார்க்கும். தாய், தகப்பன் இருவரிடம் இருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இந்த நோய்.

1934-ல் இதைக் கண்டுபிடித்தவர் நார்வே டாக்டர் போலிங். முதலில் கிடைத்த மருந்து? மாத்திரை அல்ல, சாப்பாடுதான்! இங்கிலாந்தில் பர்மிங்காம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிக்கல் குழுவினர், பீனைல் அலனின் குறைந்த உணவை ஒரு சிறுமிக்குக் கொடுத்தார்கள். நிற்கக்கூட முடியாத குழந்தை எழுந்து நின்றது! 1953-ல் உலகுக்கே அதைச் சொன்னார்கள். ஆனாலும் அவள் முழுசாகத் தேறவில்லை. ஏன்? சிகிச்சை தொடங்கும் முன்பே வயது ஒன்றைத் தாண்டிவிட்டது. கெட்ட மூளை கெட்டதுதான்.

பிறந்த சில நாளிலேயே கண்டுபிடிக்க வழி செய்தவர் அமெரிக்க டாக்டர் கத்ரி. குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் எடுத்தால் போதும். 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்குச் சட்டமே போட்டது.

"ஆயிரக்கணக்கான குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிற நோய். இதற்காக எல்லோருக்கும் சோதனையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒன்று எது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அறிகுறி தெரியட்டும் என்று காத்திருந்தால் காரியம் கெட்டுப் போச்சு!

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கல்யாணம் முடிக்கும் தமிழ்நாட்டுக்கு இது ரொம்பவே பொருந்தும். சொந்தத்தில் முடித்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனையோடு வேலை முடியாது. தனிப் புரத மாவு வேண்டும். ஆயுள் முழுக்கப் பத்தியம் வேண்டும். செலவு அதிகம். ஏழை வீடு தாங்குமா? சோதனையையும் மாவையும் அரசே கொடுப்பதுதான் நியாயம்.

பெற்றோரும் சும்மா இருக்கக் கூடாது. பிரசவம் முடிந்ததும் "குதிகால் சோதனை எடுத்தாச்சா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன?