தொலைந்த சாவி இன்னும் திறக்குமா?

கோலார் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் சாவி போடும் தம்பி ஒருவரின் கடையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். வயதான அம்மா ஒருவர் வந்தார். கார் மகனுடையது. மகனுக்குப் பெங்களூரில் வேலை. ரயிலில் வரும்போது சாவி எங்கேயோ விழுந்துவிட்டது. வீட்டில் இருந்த இன்னொரு சாவியை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். தம்பி ப்ளாங்க்கை வெட்டினார், சிப்பைப் பொருத்தினார், ஸ்கேனரை மாட்டினார். அரை மணி நேரத்துக்குள் புதுச் சாவியில் வண்டி ஓடியது. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: “தம்பி, தொலஞ்ச சாவி எவன் கையிலயாவது சிக்கினா, அதுலயும் வண்டி ஸ்டார்ட் ஆவுமா?”

தம்பிக்குப் பதில் தெரியும். ஆனால் அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. “ஆவும்மா” என்றார். அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து மறுபடியும் ஸ்கேனரைக் கையில் எடுத்தார். வண்டியின் நினைவில் மூன்று சாவிகள் இருந்தன. எல்லாவற்றையும் அழித்து, கையில் இருந்த இரண்டை மட்டும் மீண்டும் பதிந்தார். கூடுதலாகப் பத்து நிமிடம்தான் ஆனது.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

‘ஆட் கீ’ என்றும் ‘ஆல் கீ லாஸ்ட்’ என்றும் சாவி போடும் நாம் பிரித்துப் பேசுகிறோம். விலையும் அதை வைத்தே சொல்கிறோம். ஒரு சாவிகூட இல்லையென்றால் ஆல் கீ லாஸ்ட். ஒரு சாவி கையில் இருந்தால் ஆட் கீ. வேலை எளிது, காசு குறைவு. நமக்கு அது வேலையின் வகை. வாடிக்கையாளர் வந்திருப்பதோ ஒரு சாவி வெளியே எங்கோ கிடக்கிறதே என்ற கவலையோடு. அவர் கேட்காத வரையில் நாமும் சொல்வதில்லை. சில வண்டிகளில் புதிதாகப் பதியும்போதே பழையவை எல்லாம் அழிந்துவிடும். கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் அதே நேரத்தில் காட்டியாக வேண்டும். வேறு பல வண்டிகளில் புதியது பழையவற்றோடு சேர்ந்துகொள்ளும், தொலைந்ததும் உள்ளேயே இருக்கும். எந்த மாடல் எந்த வகை என்பது நமக்குத் தெரியும், வண்டிக்காரருக்குத் தெரியாது.

சிப்பை அழித்தாலும் கதை முடிந்துவிடாது. ஒரு சாவி என்று நாம் கையில் கொடுப்பதற்குள் மூன்று பொருள்கள் இருக்கின்றன: இரும்பு, சிப், ரிமோட். பல வண்டிகளில் ரிமோட்டின் பதிவு வேறு, சிப்பின் பதிவு வேறு. சிப்பை மட்டும் அழித்தால் எஞ்சின் ஓடாது, ஆனால் தொலைந்த ரிமோட்டின் பொத்தானுக்குக் கதவு திறக்கலாம். ரிமோட்டையும் அழித்தாலும் இரும்பு பழைய இரும்புதான். பூட்டின் உள்தகடுகளை மாற்றாத வரை கதவும் டிக்கியும் அதற்குத் திறக்கும். பின்சீட்டில் லேப்டாப் வைத்துவிட்டு ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

க்ளோன் இன்னும் சிக்கல். நாற்பத்தாறாம் நம்பர் சிப்பைப் படித்து வேறொரு சிப்பில் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஸ்கேனர் வேண்டாம், வண்டியின் ரகசிய எண்ணான பின் நம்பர் வேண்டாம். வேகமான வேலை, பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூலச் சாவியும் நகலும் வண்டிக்கு ஒன்றுதான். நாளைக்கு நகல் தொலைந்தால் அதை மட்டும் தனியாக அழிக்க வழியில்லை. மூலத்தையும் சேர்த்து அழித்துவிட்டு, புது சிப்பிலிருந்து தொடங்க வேண்டும். “உங்களுக்குப் போட்டது க்ளோன்” என்று சொல்லிக் கொடுக்கிற கடைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

காப்பீட்டுக்காரர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் கனம் தெரியும். கார் திருடு போய் இழப்பீடு கேட்கும்போது, வண்டியோடு வந்த இரண்டு சாவிகளையும் கொண்டுவாருங்கள் என்பார்கள். ஒன்று கம்பெனிச் சாவி, மற்றது கடையில் போட்டது என்றால் கேள்விகள் தொடங்கும். எப்போது தொலைந்தது, எப்போது போட்டீர்கள், யார் போட்டது, பழையதை அழித்தார்களா? அந்த நேரத்தில் வண்டிக்காரர் கையில் ஒரு ரசீது இருந்தால் பேச முடியும். நாம் கொடுக்கும் ரசீதில் என்ன இருக்கிறது? பல கடைகளில் ரசீதே இல்லை. இருக்கிற இடத்தில் ‘கார் சாவி 1’ என்று எழுதி ஒரு தொகை.

கோலார் தங்க வயலில் ரசீது, பதிவேடு என்ற பேச்சை எடுத்தால் கொஞ்சம் கவனமாக எடுக்க வேண்டும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து இது சந்தேகத்தின் கண்ணுக்குக் கீழே வாழ்ந்த ஊர். தங்கம் கலந்த கல்லைக் கையில் வைத்திருந்தாலே குற்றம் என்று சட்டம் இருந்த ஊர். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, அந்தக் கொதிக்கும் சூட்டில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்தவர்களை நிறுத்திச் சோதனை போட்ட ஊர். 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்ய சுரங்க நிர்வாகங்கள் முற்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் வந்து வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்று நம் கடை வாசலில் நிற்கிறார்கள். “ஆதார் கொடு, ஆர்சி கொடு, போட்டோ எடுக்கணும்” என்று எடுத்த எடுப்பில் சொன்னால், தாத்தா காலத்து அந்தப் பழைய கசப்பு மேலே வரத்தான் செய்யும். வர வேண்டியதுதான்.

அதனால்தான் அந்த ஊரின் சாவிக்காரர்கள் வேறு ஒரு முறையை வைத்திருந்தார்கள். “எந்த லைன்? யார் வீடு?” ரெண்டு கேள்வி போதும். அன்று அந்த அம்மாவிடம் தம்பி கேட்டதும் அவ்வளவுதான். பெயரைச் சொன்னார், மாரிக்குப்பத்தில் எந்த லைன் என்று சொன்னார். மகனோடு படித்தவன் தம்பியின் அண்ணன். சரியாகப் போயிற்று. ஆர்சியில் இருப்பது மகன் பெயர், சாவி கேட்டு வந்தது தாய். எந்தச் சட்டப் புத்தகமும் இந்த அறிமுகத்தை ஏற்காது. எந்த ஆவணமும் இதைவிட நம்பத்தகுந்ததாக இருந்திருக்கவும் முடியாது.

ஆனால் அந்த ஊர் இன்று அப்படியே இல்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கம் மூடியது. மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கேஏ-08 பலகை போட்ட வண்டிகளுக்கு நடுவே பெங்களூர் எண், வேலூர் எண், கிருஷ்ணகிரி எண், ஆந்திர எண் எல்லாம் ஓடுகின்றன. பெங்களூரில் ஐந்தாறு வருடம் ஓடிய கார்கள் செகண்ட் ஹேண்டாக இங்கே வருகின்றன, பெரும்பாலும் ஒரே சாவியோடு. பேத்தமங்கலம் பக்கமாக விரைவுச் சாலையும் வந்துவிட்டது. வண்டியோடு வருகிறவரிடம் எந்த லைன் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது.

ஆகவே ஆவணத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நம் பண்பு இருக்கிறது. ஆர்சி நகலை வாங்கிப் பெட்டியில் போடுவதால் பயன் குறைவு; ஜெராக்ஸ் எவரிடமும் இருக்கும். வண்டி எண்ணைத் தட்டி எம்பரிவாகனில் பார்த்தால் உரிமையாளர் பெயர் பாதி மறைத்தே வரும். வாடிக்கையாளரின் செல்போனில், அவருடைய சொந்த டிஜிலாக்கரைத் திறந்து ஆர்சியைக் காட்டச் சொல்லுங்கள். அவர் பெயரும் ஆதாரும் பொருந்தினால்தான் அது அங்கே வந்திருக்கும். அதில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் குத்தியிருக்கும் எண்ணோடு நீங்களே நேரில் ஒப்பிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள். நகல் எடுக்கத் தேவையே இல்லை. அந்த அம்மாவைப் போல ஆர்சி வேறொருவர் பெயரில் இருந்தால், அவரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டு அவருடைய போனிலிருந்தே காட்டச் சொல்லலாம். சாவி தொலைந்ததற்குப் போலீசில் கொடுத்த புகார் இருந்தால் நல்லது. தங்க வயல் தனிப் போலீஸ் மாவட்டமாகவே இருப்பதால் கோலார் வரை அலைய வேண்டியதில்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் பெயர் மாற்றம் முடியாமல் இருப்பதுதான் நிஜமான தலைவலி. இருபத்தொன்பதாம் படிவமும் முப்பதாம் படிவமும் கையெழுத்தாகி யாரோ ஒரு ஏஜெண்டின் பையில் இருக்கும். வண்டி ஓட்டுகிறவர் நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவர்தான். அவரைத் திருப்பி அனுப்பிவிடு என்று நான் சொல்ல மாட்டேன். விற்றவரோடு பேசி, படிவங்களைப் பார்த்துவிட்டுச் செய்யலாம். பேச விற்றவரே இல்லை, படிவமும் இல்லை என்றால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். திருட்டுப் பொருளைத் தெரிந்தே கையாள்வது பாரதிய நியாய சம்ஹிதையின் 317-ஆம் பிரிவில் குற்றம். வழக்கு வந்தால் நமக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் அலைச்சல் நம் தலையில்தான் விழும்.

சீசிங் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தவணை கட்டாதவரின் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு, அவர் தூங்கும்போது சாவி போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். மற்ற வேலையைவிட இரண்டு மூன்று மடங்கு காசு தருகிறார்கள். வாங்காதீர்கள். கடனை வசூலிக்க அடியாட்களைப் பயன்படுத்தக் கூடாது, சட்டப்படி போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. வங்கியின் எழுத்து, காவல் நிலையத்துக்குக் கொடுத்த தகவல், யார்டில் பகலில் நிற்கும் வண்டி: இந்த மூன்றும் இருந்தால் அது வேலை. ராத்திரியில் தெருவோரத்தில் செய்தால், தமிழில் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. கள்ளச்சாவி. அந்தப் பெயரைத் துடைக்க நம் முன்னோர் அரத்தோடு உட்கார்ந்து எத்தனை ஆண்டு பாடுபட்டார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

‘இம்மோ ஆஃப்’ வேலைக்கும் இதே உறுதியோடு மறுப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிப் விலை அதிகம், எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூவில் இம்மொபிலைசரையே அணைத்துவிடு, சாதாரணச் சாவியில் ஓடட்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் 2021-க்கு முன் இம்மொபிலைசர் இல்லாமல் விற்ற ஹூண்டாய், கியா கார்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஸ்டியரிங் அடியில் பூட்டை உடைத்து யூஎஸ்பி முனையால் திருப்பி ஓட்டிப்போகும் வித்தை வீடியோவாகப் பரவியதும், பல நகரங்களில் அந்தக் கார்களின் திருட்டு எகிறியது. பக்கத்து நாடான கனடாவில் 2007-லிருந்து இம்மொபிலைசர் கட்டாயம். அங்கே விற்ற அதே மாடல்களில் அந்த வித்தை பலிக்கவில்லை. ஆயிரமோ இரண்டாயிரமோ மிச்சம் பிடிக்க அந்தக் காவலை நாமே கழற்றிக் கொடுப்பதா?

இனி, நம் லேப்டாப்பைப் பற்றி. வேலைக்கு முன் வண்டியின் நினைவின் நகலான ஈப்ராம் டம்ப்பை எடுத்து வைக்கிறோம். எழுதும்போது பேட்டரி இறங்கி இசியூ படுத்துவிட்டால் காப்பாற்றுவது அந்த நகல்தான், அவசியமான பழக்கம். ஆனால் வேலை முடிந்த பிறகும் அது அங்கேயே கிடக்கிறது. பின் நம்பர், சேஸிஸ் எண், பக்கத்திலேயே வாட்ஸப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய முகவரி. ஐந்து வருடம் தொழில் செய்த ஒருவரின் லேப்டாப் திருடு போனால் பல நூறு கார்களின் சாவி ஒரே பையில் போய்விட்டது என்று பொருள். சில கருவிகள் கணக்குப் போடுவதற்காகச் சிப்பின் தரவைத் தங்கள் சர்வருக்கு அனுப்புகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு என்று 2023-இல் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்து கதவைத் தட்டும் வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? பின் நம்பரைத் தாளில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடலாம். அது அவருடையது. வண்டி ஒரு மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடிய பிறகு டம்ப்பை அழித்துவிடலாம்.

என் கோரிக்கை ஒன்றுதான். பதிவு வேண்டும், ஆனால் அது வண்டிக்காரர் கையில் இருக்கட்டும். நம் பக்கம் தேதி, வண்டி எண், ரசீது எண் மட்டும் போதும். மீதி எல்லாம் அவருக்குக் கொடுக்கும் தாளில்: போட்டது க்ளோனா, பதிந்ததா, தொலைந்த சாவியின் சிப் அழிக்கப்பட்டதா, ரிமோட் அழிக்கப்பட்டதா, இப்போது வண்டியின் நினைவில் எத்தனை சாவி, பூட்டின் தகடு மாற்றப்பட்டதா, இல்லையா. காப்பீட்டுக்காரர் கேட்டாலும் போலீஸ் கேட்டாலும், இன்னொருவருக்கு வண்டியை விற்கும்போது அவர் கேட்டாலும் காட்ட அது உதவும்.

ராபர்ட்சன்பேட்டைத் தம்பியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு திருத்தம் சொன்னார். “எத்தனை சாவின்னு நம்பர் மட்டும் எழுதினா பத்தாது சார். ஸ்கேனர்ல வர்ற கணக்கை அவங்க கண்ணாலயே பார்க்கணும். பார்த்துட்டு கையெழுத்து போடட்டும்.” சரியான யோசனை. இந்த இதழின் நடுப்பக்கத்தில் ரசீதுப் படிவம் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகியிருக்கிறது. அவர் சொன்ன கட்டத்தையும் சேர்த்திருக்கிறோம். சேஸிஸ் எண்ணுக்குக் கடைசி ஐந்து இலக்கம் மட்டும் எழுத இடம் விட்டிருக்கிறோம். ஆதார் எண்ணுக்குக் கட்டம் இல்லை. பக்கத்தைக் கிழித்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.