கரையோர ஜனங்களின் பாத்தியதை

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் சந்நிதிக்கு விவாகம் தடைப்பட்டவர்கள் மாலையோடு வருவதையும், கோரிக்கை கைகூடிய பின் தம்பதியாய்த் திரும்பி வருவதையும் தமிழ்நாடு முழுவதும் அறியும். ஆனால் பூமியைச் சமுத்திரத்தினின்று மீட்டெடுத்த அந்த வராகமூர்த்தியின் கோயிலுக்குக் கிழக்கே, கடலையே பார்த்துத் தலைமுறை தலைமுறையாய் ஜீவித்து வரும் ஒரு குப்பம் இருக்கிறதென்பதும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரை இப்படிப் பல குப்பங்கள் தொடர்ந்திருக்கின்றன என்பதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து போகிறவர்களின் கண்ணில் அநேகமாய்ப் படுவதில்லை. படாததனால்தான் போலும், இந்தக் கரையின் எதிர்காலத்தைப் பற்றிய ஆலோசனைகள் நடக்கும்போது அந்தக் குப்பங்களைக் கடைசியில் நினைத்துக்கொள்கிறோம்.

"ஜனங்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும்" என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், செங்கற்பட்டுக் கரையின் அரை நூற்றாண்டுச் சரித்திரத்தைச் சற்று நிதானமாய்ப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, இங்கே இயற்கைக்கு அரணாய் நிற்கும் சட்டங்களிலும் ஏற்பாடுகளிலும் முக்கியமானவை சில, ஜனங்களின் போராட்டத்திலிருந்தும் தொழிலறிவிலிருந்தும் பிறந்தவை என்பதும், அவற்றை அமலாக்கும் காலத்தில் மாத்திரம் அதே ஜனங்கள் ஓரமாய் நிறுத்தப்படுகிறார்கள் என்பதும் விளங்காமற் போகாது. இந்த முறைகேடு மாற வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் விசைப்படகுகள் வலையிழுக்கக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். சர்க்காரின் ஆதரவோடு விசைப்படகுகள் பெருகி, அடிமண்ணோடு சகலத்தையும் வாரிக்கொண்டு வரும் இழுவை மடிகளை, கரையை ஒட்டிய ஆழங்குறைந்த நீரிலேயே இழுக்கத் தொடங்கிய காலத்தில், கட்டுமரத்தில் போய் வந்த சிறு மீனவர்களின் வலைகள் அறுந்தன; பிடிபடும் மீன் குறைந்தது; முறையிட்டுப் பயனில்லாமற்போக, 1970-களின் பிற்பகுதியில் கடலிலும் கரையிலும் கைகலப்புகள் நேர்ந்து, அவை உயிர்ச்சேதம் வரைக்கும் போயின. அந்தக் கொந்தளிப்பின் பின்னணியில்தான் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. முதலில் மூன்று கடல் மைல் என்று வகுத்த எல்லை பிற்பாடு ஐந்து கடல் மைலாயிற்று. அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அன்று குப்பங்களில் குரலெழுப்பியவர்கள் தங்கள் ஜீவனத்துக்காகப் போராடினார்கள். ஆமையைப் பற்றி அவர்கள் பிரஸ்தாபிக்கவில்லை. ஆனால் பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்தில் கூட்டமாய்த் திரிவது கரையை ஒட்டிய அதே நீரில்தான். ஆகவே, அந்த ஜீவராசிக்கு இன்று நம் கடலில் இருக்கும் பிரதான பாதுகாப்பு, ஏழை மீனவர்கள் தங்கள் வயிற்றுக்காகப் போராடி வாங்கிய அந்த விதியேயாகும்.

இதைப் போலவே, கரையோர நிலங்களையும் குடிநீரையும் உப்பாக்கிக்கொண்டு பரவிய இறால் பண்ணைகளுக்கு எதிராய், கீழத் தஞ்சையின் விவசாயிகளையும் மீனவர்களையும் திரட்டிச் சத்தியாக்கிரகம் செய்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் அவர்களின் மனுவின் மீதுதான், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேசத்தின் கடற்கரை முழுமைக்கும் பொருந்தும் தீர்ப்பை வழங்கிற்று.

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2025 ஜனவரி காட்டிவிட்டது. சென்னை முதல் செங்கற்பட்டு மாவட்டக் கரை வரைக்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கெடுத்துத் துறைகளிடம் விளக்கம் கேட்டது. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. அவ்வப்போது மேலே வந்து காற்றை உட்கொண்டாலன்றி உயிர் தரிக்காது. மணிக்கணக்கில் இழுபடும் மடிக்குள் அகப்பட்டால் மூச்சு முட்டிச் சாகிறது. மடிக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தி ஆமை வெளியேற வழிவிடும் சாதனம் பல தேசங்களில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. நம் படகுகளில் அது இல்லாத காரணத்தினாலேயே, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று 2019-ல் அமெரிக்கா தீர்மானித்துவிட்டது.

ஐந்து மைலுக்குள் விசைப்படகு நுழைவதை முதலில் பார்ப்பவர் யார்? விடியற்காலையில் ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டு போகிற குப்பத்து மீனவர்தான். எந்தப் படகு, எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை நாழிகை வலையிழுத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ரோந்துப் படகு வந்து சேர்வதற்குள் எல்லை கடந்தவர்கள் எல்லைக்கு வெளியே போய்விடுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் அவர் கண்ணால் கண்டதைப் பதிவு செய்து, அதன் மேல் நடவடிக்கை எடுத்து, எடுத்த விவரத்தை அவருடைய ஊர்ப் பஞ்சாயத்தாருக்குத் திருப்பித் தெரிவிக்கும் நிலையான ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு குப்பத்திலும் சம்பளமின்றிக் காவல் நிற்கும் நூறு கண்களை வைத்துக்கொண்டு, கடலைக் கண்காணிக்க ஆளில்லை என்று நாம் வருந்திக்கொண்டிருக்கிறோம்.

கரையில் நடக்கும் காரியத்தையும் சொல்ல வேண்டும். தை பிறந்தது முதல், மீனவக் குடும்பங்களின் இளைஞர்கள் வன இலாகாவோடும், 2002 முதல் பணியாற்றி வரும் ட்ரீ ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளோடும் சேர்ந்து, இரவு முழுவதும் மணலில் நடக்கிறார்கள். தாய் ஆமை ஏறி இறங்கிய தடம், துடுப்புகளை மாற்றி மாற்றி ஊன்றியதால் ஒன்றுவிட்டு ஒன்றாய்ப் பதிந்திருக்கும். தடம் முடிகிற இடத்தில் மணல் கலைந்திருக்கும். மெல்லிய கழியால் குத்திப் பார்க்கையில், எங்கே கழி எதிர்ப்பில்லாமல் உள்ளிறங்குகிறதோ அங்கே முட்டைக்குழி. ஒருவர் மண்டியிட்டு முழங்கை மட்டும் கையை உள்ளே விட்டு, நூறுக்கு முன்பின்னான முட்டைகளை ஒவ்வொன்றாய்ப் புரளாமல் எடுத்து, குழியின் ஈரமணலோடு கூடையில் வைத்து, பொழுது புலர்வதற்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டு போய், தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே குடவடிவில் மறுபடி புதைத்து, தேதியும் எண்ணும் எழுதிய அட்டையை நட்டு வைப்பார். நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றை அலையில் நேரே விடாமல், சற்று எட்ட விட்டுத் தாமாகவே நடந்து கடலை அடையச் செய்வார்கள். பெண் குஞ்சுகள் பல ஆண்டுகள் கழிந்து இந்தக் கடற்புறத்துக்கே முட்டையிட வரும். கடலின் மங்கிய ஒளியை நாடிப் போக வேண்டிய குஞ்சு, சாலையோர விடுதிகளின் விளக்கைக் கண்டு மயங்கி மேற்கே திரும்பி நாய்க்கு இரையாவதைத் தடுக்கவே பொரிப்பகங்கள் வேண்டியிருக்கின்றன. விளக்கை அணைக்கும்படி விடுதிக்காரர்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம், விடிய விடிய நடக்கும் அந்த இளைஞருக்கும் இல்லை, அவர் ஊருக்கும் இல்லை.

ஒரு காலத்தில் இதே கரையில் ஆமை முட்டை தின்பதற்கும் விற்பதற்கும் தோண்டப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனம் மாறிய வரலாறு ஆமையோடும் நிற்கவில்லை. திருவிடந்தைக்குத் தெற்கே சிறிது தூரத்திலுள்ள வடநெம்மேலியில், 1978-ல் இருளர் பழங்குடியினரின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அதற்கு முன் இருளர் பிடித்த பாம்புகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதையடுத்துத் தோல் வியாபாரத்துக்கு வந்த தடையும் அவர்களுடைய பிழைப்பைச் சடுதியில் அடைத்தன. சட்டம் அவ்வளவோடு நின்றிருந்தால் இருளர் பட்டினி கிடந்திருப்பார்கள், அல்லது சட்டத்தை மீறியிருப்பார்கள். அதற்கு மாறாக, அந்த வித்தையை அப்படியே வைத்துக்கொண்டு பயனை மாத்திரம் மாற்றினார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, துணியால் வாய்கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்து, குறித்த தவணைகளில் விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சங்கத்திலிருந்து போகிறது. தேசத்தின் மூலை முடுக்குகளில் பாம்புக் கடிபட்டுப் பிழைத்தெழுகிற உழவர்கள், தாங்கள் அறியாமலே வடநெம்மேலிக்குக் கடன்பட்டவர்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது, காலந்தாழ்ந்து செய்த கௌரவமானாலும் மனம் நிறைந்து வரவேற்கத் தக்கது.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் இன்னும் பழமையான திருஷ்டாந்தம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று கண்டுகொண்ட அவ்வூரார், சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமைக்கு எழுத்து மூலமான உறுதி வாங்கினார்கள். 2022-ல் அந்த ஏரி ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சர்வதேச அந்தஸ்து வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் தன் காரியத்தைச் செய்திருந்தது.

இவ்வளவும் அறிந்த பிறகு, இன்று நம் கண்முன் இருக்கும் விவகாரத்துக்கு வருகிறேன். சென்னையின் குடிநீர்த் தேவைக்காகத் திருப்போரூரை ஒட்டிய கோவளம் உபவடிநிலத்தில், சுமார் 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் ஒரு புதிய நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டின் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பட்டணத்தின் தாகம் மெய்யானது. அதைத் தணிக்க நெம்மேலியில் 2013 முதல் கடல்நீர் குடிநீராக்கப்பட்டு வருவதும், 2024-ல் அங்கே இரண்டாவது நிலையம் சேர்ந்ததும் அனைவரும் அறிந்தவை. ஆனால் கடலும் மழைநீரும் கலக்கும் அந்த வடிநிலத்தின் உப்பங்கழியில் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள், அந்த நீர் நன்னீரானால் தங்கள் பிழைப்பும் மீன்குஞ்சுகள் வளரும் இடமும் என்னவாகும் என்று கேட்கிறார்கள். கழியில் இறங்கிக் கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு, எந்தச் சேற்றில் எந்தப் பருவத்தில் எது இருக்கும் என்பது அத்துபடி. அந்த அறிவை ஆய்வறிக்கையில் சேர்த்து, அந்த அறிக்கையைத் தமிழில் முழுமையாய் வெளியிட்டு, அதன் பிறகே திட்டத்தின் நன்மை தீமையை நிறுத்துப் பார்ப்பது நியாயமான வழி. நீர்த்தேக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. கழியை அறிந்தவர்களைக் கேளாமல் சொல்லும் எந்தத் தீர்ப்பும் செல்லாது என்பதில் மாத்திரம் உறுதியாயிருக்கிறேன்.

ஊர் என்றாலே ஏகமனதான, குற்றமற்ற ஒரு சபை என்று நான் நினைக்கவில்லை. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு இன்றும் பெரும்பாலும் ஆசனமில்லை. மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள் அவர்களே என்றாலும், ஊர்த் தலைவர்களான நாட்டார் முன்னிலையில் நடக்கும் பேச்சில் அவர்கள் குரல் கேட்பதில்லை. கழியோரத்து இருளருக்கு அந்தச் சபையில் இடமேயில்லை. சர்க்கார் தங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கும் பஞ்சாயத்தார், தங்கள் வீட்டுப் பெண்களையும் அண்டையிலுள்ள இருளரையும் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டவர்கள்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அது ஊரிலுள்ள ஜீவராசிகளையும் அவற்றைப் பற்றிய ஜனங்களின் அறிவையும் பதிவேடாக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பல ஊர்களில் அப்படி ஒரு குழு இருப்பதே ஊராருக்குத் தெரியாது. கிராம சபையோ ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதன் தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு. அதன் வாசல் ஆணுக்கும் பெண்ணுக்கும், மீனவருக்கும் இருளருக்கும், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவருக்கும் திறந்திருக்கிறது.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை இந்தக் கரையில் குடியிருக்கும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். உங்கள் ஊரின் பல்லுயிர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிவேட்டைச் சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதில் ஆமை முட்டையிடும் மணலும் இறால் வளரும் கழியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அவற்றைச் சேர்த்து எழுதும்படியும், மீன் விற்கும் பெண்களையும் இருளரையும் குழுவில் அங்கத்தினராக்கும்படியும் தீர்மானம் கொண்டுவந்து, அது நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகும்வரை இடத்தை விட்டு எழுந்திராதீர்கள்.