புத்தகப்பையை நிறுத்துப் பாருங்கள்

பிள்ளையின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் நாம் அவளது புத்தகப்பையை நிறுத்துப் பார்ப்பதில்லை. பையின் பாரம் உடல் எடையில் பத்திலொரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது பொதுவான ஆலோசனை. 40 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 4 கிலோ. பாடநூல்கள், சீ.ஆர். கொப்பிகள், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் சேர்ந்தால் இந்த அளவு எளிதில் மிஞ்சிவிடும்.

ஒற்றைத் தோளில் மாட்டினால் உடல் ஒருபுறம் சாயும். கழுத்தும் முதுகும் நோகும். இரு பட்டிகளையும் அணிவோம். கனமான நூல்களை முதுகோடு ஒட்டி அடுக்குவோம். நிலத்திலிருந்து தூக்கும்போது முழங்காலை மடிப்போம்.

ஆனால், பொறுப்பு முழுவதையும் மாணவியின் மேல் சுமத்துவது நியாயமன்று. ஒரு பாடத்துக்கு இரண்டு தடித்த கொப்பிகள் தேவைதானா என்று ஆசிரியைகளும் சிந்திக்க வேண்டும். வகுப்பறைக்கு ஓர் அலுமாரி கிடைத்தால், அன்றாடம் வீட்டுக்குத் தேவைப்படாத நூல்களாவது பாடசாலையிலேயே தங்கும்.