ஆயாவின் விதைப்பானைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் தக்காளி இலைச்சுருள், தென்னையில் வெள்ளை ஈ, கறவை மாட்டுக்கு அசோலா என்று வழக்கமான கேள்விகள் நிறைய. அவற்றை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன். ஆடி நெருங்கிவிட்டதால் பென்னாகரம் பக்கத்து இளைஞர் ஒருவரின் கடிதத்துக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆயா பங்குனியில் இறந்துவிட்டார். அப்பா சின்ன வயதிலேயே தவறியதால் எங்களை வளர்த்தது ஆயாதான். பரண்மேல் ஒன்பது பானை இருக்கிறது, எல்லாம் விதை. எது என்ன என்று தெரியவில்லை. இரண்டு பானையில் வண்டு விழுந்திருக்கிறது. வீட்டில் கொட்டிவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்? நிலமும் ஆயா பெயரில்தான் இருக்கிறது, அதை எப்படி மாற்றுவது?

பதில்: தம்பி, கொட்டாதீர்கள். முதலில் வண்டு விழுந்த பானைகளைத் தனியாக எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்றதற்கும் பரவும். எல்லா விதையையும் தனித்தனித் துணியில் கொட்டி, காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரையும், மூன்று மணிக்கு மேல் ஐந்து வரையும் வெயில் காட்டுங்கள். உச்சி வெயில் வேண்டாம், முளைக்கரு கெட்டுவிடும். ஓட்டை விழுந்த விதையைப் பொறுக்கி ஒதுக்குங்கள். அதிலும் சில முளைக்கும், ஆனால் நாற்று வீரியமாக இருக்காது.

பிறகு முளைப்பு பாருங்கள். விதை நிறைய இருந்தால் நூறு, கொஞ்சம்தான் என்றால் பத்தோ இருபதோ போதும். ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரை, தட்டைப்பயறு எல்லாம் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். பாகல், சுரை, பீர்க்கு இரண்டு வாரம்கூட எடுக்கும். விற்பனை விதை என்றால் பயறு வகைக்கு நூற்றுக்கு 75, சுரை, பாகலுக்கு 60 முளைக்க வேண்டும் என்பது கணக்கு. உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நூற்றுக்குப் பத்து முளைத்தாலும் அந்தப் பத்தையும் வீசாமல் பையில் மண் நிரப்பி நட்டுவிடுங்கள். காய்த்தால் என்ன ரகம் என்று ஊரிலுள்ள வயதான பெண்கள் சொல்லிவிடுவார்கள். இலையைப் பார்த்தே சொல்பவர்களும் உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். எந்தப் பானையையும் முழுவதுமாக விதைத்துவிட வேண்டாம். பாதியை வசம்புத் தூள் கலந்து, கிலோவுக்கு 10 கிராம் வீதம், திரும்பவும் மூடி வையுங்கள். இந்த வருஷம் மழை ஏமாற்றினால் அதுதான் மிச்சம்.

பட்டா விஷயம்: ஆயாவின் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். பிறகு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள். உயில் எழுதாமல் இறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் அப்பாவின் பங்கு பிள்ளைகளான உங்களுக்கு வரும். அத்தைகள் இருந்தால் அவர்களை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்க நினைக்காதீர்கள். கல்யாணமாகிப் போய்விட்டால் பங்கு இல்லை என்று இன்னும் பல ஊர்களில் பேசுகிறார்கள். அது தவறு.

கொட்டாதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. கேழ்வரகில் சாலுக்குச் சால் அவரை போடுவார் அம்மா. வீட்டுக்குப் பின்னால் பந்தலில் ஒரு கொடி அவரை, ஓரம் ஊதா நிறமாக இருக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் பகல் குறுகும் கார்த்திகையில்தான் பூக்கும். பிறகு மாசி வரைக்கும் ஓயாது. பனி விழ விழக் காயில் வாசம் ஏறும். விடியற்காலை பறித்துக் கூடையில் நிரப்பி, பஸ்ஸுக்குக் காசு செலவழிக்காமல் ஆறு கிலோமீட்டர் நடந்து சந்தைக்குப் போவார். அங்கிருந்து திரும்பியதும் அடுத்த காட்டுக்குக் களை வெட்டக் கூலிக்குப் போவார். வேளாண் கல்லூரியில் என் மெஸ் பில்லைக் கட்டியது அந்த அவரைதான்.

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறுபது எழுபது நாளில் காய்க்கும் செடி அவரை விதையை வாங்கி வந்தேன். பந்தல் வேண்டாம், பருவம் பார்க்க வேண்டாம், பழைய கொடியைப் பிடுங்கிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“படிச்சவன் நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி” என்றார். பந்தலைப் பிரித்தவரும் அவரே.

புது ரகம் நன்றாகவே காய்த்தது. அதன்மேல் குறை சொல்ல மாட்டேன், இன்றும் சிபாரிசு செய்கிறேன். பழையதற்கு நாலு குழி இடம்கூட விடாததுதான் என் தவறு. பானையில் கொஞ்சம் விதை இருந்தது. அதற்குள் என் மகள் பிறந்தாள். எனக்கு ஊர் ஊராக மாற்றல், மனைவிக்கும் வேலை. அம்மா எங்களோடு வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டார். மூன்று வருஷம் பானைக்கு வெயில் காட்ட ஆளில்லை. ஊருக்குத் திரும்பித் திறந்து பார்த்தபோது உள்ளே மாவும் வண்டும்தான். பொறுக்கி எடுத்த இருபது விதையை ஈரத்துணியில் கட்டினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அம்மா அதைக் குப்பைக்குழியில் கொட்டினார். என்னைத் திட்டவில்லை. “பாப்பாவுக்கு ஒரு வாய் கொடுத்திருக்கலாம்” என்றார், அவ்வளவுதான்.

நாலு வருஷம் முன்பு அம்மா காலமானார். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருஷம் விவசாயம் செய்தவருக்கு, ஒரு அரசாங்க விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியவன் நான். விவசாயிகளுக்கான படிவங்களை நாள்தோறும் நிரப்பிக்கொண்டிருந்த அதே கைதான்.

போன வருஷம் அம்மா பிறந்த ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டேன். தூரத்து உறவில் ஒரு பெரியம்மா சுரைக்குடுக்கையிலிருந்து ஒரு பிடி விதை கொடுத்தார். ஆடியில் ஊன்றினேன். கார்த்திகையில் பூத்தது, காயில் ஊதா ஓரமும் வந்தது. மார்கழியில் வாசம்கூட ஏறியது. மகளுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தேன், நன்றாக இருக்கிறது என்றாள். அந்த அவரைதானா இது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அம்மா இருந்தால் ஒரு காயை ஒடித்து முகர்ந்து பார்த்தே சொல்லியிருப்பார்.

தம்பி, உங்கள் ஒன்பது பானையில் எது எது முளைத்தது என்று எனக்கு எழுதுங்கள். ஓரம் ஊதாவாக ஒரு கொடி அவரை வந்தால், இருபது விதை எனக்கும் எடுத்து வையுங்கள்.